வாசலில் நான்கு ஜோடி

ரெம்பியா, மலாக்கா
5 ஏப்ரல், ஞாயிறு

அன்புள்ள கமலாவுக்கு,

உன் வசந்தன் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அங்கே நீயும், நீ பார்த்துக்கொள்ளும் முதியோர் இல்லத்தின் பதினான்கு பெரியவர்களும், உன் புதுக் கம்பளிக் காலுறைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறீர்கள், பிறகு எதற்கு உன் வீட்டுக்காரர் தாளும் பேனாவுமாக உட்கார்கிறார் என்று உன்னோடு வேலை செய்யும் திலகா கேட்டாளாமே. அவளுக்கு இதைச் சொல். போனை எடுத்தால் மூத்தவள் ஷாந்தினி பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் அக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "கமலாவா? நான் கேட்டேன்னு சொல்லு லா" என்கிறார். கட்டிய மனைவியிடம் தனியாக நாலு வார்த்தை பேச எனக்கு இந்தக் காகிதம்தான் மிச்சம்.

உன் திட்டம் தபாலில் வந்து சேர்ந்தது. பத்து நாள் விடுமுறைக்குப் பதினொரு பக்கம்! அதில் நீயே வரைந்த வரைபடம் வேறு. ஷாந்தினி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் நார்வேயைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறோம். முதல் இரண்டு நாள் உன் ஊர். பிறகு பஸ், கப்பல், தீவு. ஏரிக்கரையில் கூடாரம். ஒரு நாள் கயாக் படகு. ஒரு நாள் மலை ஏற்றம். கடைசி இரண்டு இரவு, மீனவர்கள் தங்கிய சிவப்பு மரக் குடில். மே கடைசியில் அங்கே சூரியன் மறைவதே இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் எப்போது தூங்குவது, யார் வந்து எழுப்புவார்கள் என்று உன் மகள் கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை.

மூன்றாம் பக்கத்தில் நீ எழுதியிருந்ததை மட்டும் மூன்று முறை படித்தேன். யாரும் பயிர் செய்யாத நிலம் யாருடையதாக இருந்தாலும், வீடுகளிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி, யாரையும் கேட்காமல் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கலாம் என்கிறாயே, உண்மைதானா? நான் தோட்டத்தில் பிறந்தவன் கமலா. ரப்பர் கொட்டை பொறுக்க இரண்டு நிரை உள்ளே போனதற்குக் காவல்காரர் சைக்கிளில் துரத்திய கால் இது. மரம் கம்பெனியுடையது, புல் கம்பெனியுடையது, கீழே கிடக்கும் கொட்டையும் கம்பெனியுடையது. கேட்காமலே தங்கலாம் என்று சட்டம் எழுதி வைத்த ஒரு நாட்டை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

பெத்தம்மாள் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "காட்டுலேருந்து தமான்ல கல் வீட்டுக்கு வர நமக்கு மூணு தலைமுறை ஆச்சு. நீ என்னடான்னா பிளேன் ஏறிப் போயி மறுபடி காட்டுல படுக்கப் போறியா? பைத்தியம் லா உனக்கு" என்றார். அப்புறம் அரை மணி நேரம் கழித்து அவரே வந்து, பிள்ளைகளுக்கு இஞ்சிப் பொடி இடித்துத் தரட்டுமா என்று கேட்டார்.

நீ அனுப்பிய கயாக் படத்தை என் லோரியின் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருக்கிறேன். செர்காம் கடற்கரையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணா இது? தனியாகத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, பின்னால் பனி மூடிய மலை, முகத்தில் ஒரு பயமும் இல்லை. மீன் இறக்கும் இடத்தில் எல்லாரிடமும் காட்டிவிட்டேன். முதலாளி தவுக்கே பார்த்துவிட்டு, உன் பெண்டாட்டி உன்னை விடக் கெட்டிக்காரி என்றார். ஆமாம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

உன் பட்டியல்படி குளிர்ச் சட்டைகள் வாங்கியாயிற்று. தெங்கேராவில் பழைய துணி விற்கும் பண்டல் கடை ஒன்று இருக்கிறது. ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த கம்பளிச் சட்டைகள். இந்த வெயிலில் அவற்றை எடுத்துப் போட்டுப் பார்த்து மூன்று பேரும் வேர்த்து விறுவிறுத்துப் போனோம். ஷாந்தினியின் சட்டைப் பையில் யாரோ ஒருவருடைய பஸ் சீட்டு கிடந்தது.

சட்டை வாங்கினால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? சனிக்கிழமை மூன்று பேரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு செர்காம் போனேன் (மூன்றாவது ஆள் நான்தான்). தவுக்கேயின் மீன் குளிரறையில் மைனஸ் பதினெட்டு டிகிரி. நான் தினமும் நுழைந்து வெளியே வரும் இடம். பிள்ளைகளைத் தலை முதல் கால் வரை மூடி உள்ளே நிறுத்தினேன். ஷாந்தினி இரண்டு நிமிடத்தில் கதவைத் தட்டினாள். சின்னவன் நிவேன் ஐந்து நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு, கெளுத்தி மீன் பெட்டிகளுக்கு நடுவே அசையாமல் நின்றான். வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அம்மா ஊர் இதை விடக் குளிரா என்றான். மே மாதத்தில் இவ்வளவு இருக்காது என்றேன். தலையாட்டினான்.

இப்போது கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். இத்தனைக்கும் பிறகு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "நான் வரல. நீங்க போங்க" என்கிறான். மூன்று வாரமாக இதே பேச்சு. நீ கூப்பிட்டால் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்பது உனக்கே தெரியும். நீ போனபோது அவனுக்கு ஆறு வயது. மூன்று தீபாவளி ஆகிவிட்டது. மறந்திருப்பானோ, கூச்சமோ, கோபமோ, எனக்குப் பிடிபடவில்லை. டிக்கெட்டை இந்த மாதக் கடைசிக்குள் உறுதி செய்ய வேண்டும் என்கிறாய். கொஞ்சம் பொறு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஏழாம் பக்கத்தில், டிசம்பரில் உன் ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் கொசு வலைக்குத் தாவிவிட்டாய். நானும் கொசு வலையை வாங்கிவிட்டேன்.

மாரியம்மன் துணை. உடம்பைப் பார்த்துக்கொள். உன் ஊர் மொழியில் நன்றிக்கு 'தக்' என்று சொல்ல வேண்டுமாம், ஷாந்தினி சொல்லிக் கொடுத்தாள். அதனால், தக்.

உன்
வசந்தன்


ரெம்பியா
26 ஏப்ரல், ஞாயிறு

அன்புள்ள கமலாவுக்கு,

முதலில் புதன்கிழமைச் சண்டையை முடித்துவிடுகிறேன். "என்னைப் பத்தி அவன்கிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். வைத்தது தப்பு. ஆனால் நீ கேட்டதும் தப்புதான். நீ போவது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாக இந்த வீட்டில் யாரும் பேசினதில்லை. பேச விட்டதும் இல்லை. அவனுக்கு வர விருப்பமில்லை என்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன், நான் வற்புறுத்தி எதையும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அழுதாயே, அந்த அழுகையோடு மூன்று நாள் லோரி ஓட்டினேன். நல்ல வேளை, ரத்து செய்யவில்லை. நேற்று நடந்ததைக் கேள்.

கூடாரத்தை ஒரு தடவையாவது போட்டுப் பழக வேண்டும் என்று உன் நான்காம் பக்கத்தில் இருக்கிறதே, அதற்காக நேற்று என் பழைய தோட்டத்துக்குப் போனோம். கோயிலுக்குப் பின்னால் பந்துத் திடல். கோயில் பொறுப்பாளர் முனியாண்டி அண்ணனிடம் அனுமதி கேட்டேன். (நம் ஊரில் கேட்டுத்தான் ஆக வேண்டும்.) தாராளமாகப் போடு, ஆனால் கவுச்சி சமைக்கக் கூடாது, மேகியில் முட்டை கூட உடைக்கக் கூடாது என்றார். அதனால் நம் குடும்பத்தின் முதல் சாகசப் பயணம் சைவமாகத் தொடங்கியது.

கூடாரம் போடுவது நான் நினைத்த மாதிரி இல்லை. கம்பி எது, கொக்கி எது என்று நான் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாந்தினி போனில் வீடியோ தேடிக்கொண்டிருந்தாள். நிவேன் எங்கள் இரண்டு பேரையும் கேட்காமல் நான்கு மூலையிலும் ஆணி அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டி முடித்துவிட்டான். எங்கே கற்றாய் என்றேன். அம்மா வரைந்த படத்தில் இருக்கே என்றான். அந்தப் பதினொரு பக்கத்தையும் அவன் மனப்பாடம் செய்திருக்கிறான் கமலா. வர மாட்டேன் என்கிற பிள்ளை!

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தெரியும்தானே, நம் ஊர் மழை சொல்லிக்கொண்டு வராது. மூன்று பேரும் கூடாரத்துக்குள் பாய்ந்தோம். பாய்கிற அவசரத்திலும் மூன்று பேரும் ஒழுங்காக நின்று, புது ரப்பர் பூட்ஸைக் கழற்றி, வாசலில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போனோம்! பிறந்ததிலிருந்து பழகிய கால். வீடு என்றால் வாசலில் கழற்ற வேண்டும். உன் பட்டியலின் முதல் வரி என்ன? எது நனைந்தாலும் பூட்ஸ் மட்டும் நனையக் கூடாது, உள்ளே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருக்கிறாய். பத்து நிமிடத்தில் மூன்று ஜோடியிலும் வாய் வரை தண்ணீர். ஷாந்தினி எட்டிப் பார்த்துவிட்டு, மீன் வளர்க்கலாம் அப்பா என்று சிரித்தாள்.

நிவேனும் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் முகம் மாறிவிட்டது. கூடாரத்தைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு மழையில் ஓடினான். நான் பின்னால் கத்திக்கொண்டே ஓடினேன். பூட்ஸைத் தாண்டி ஓடினான். திடலின் ஓரத்தில் சாக்கடை இருக்கிறது, மழைத் தண்ணீர் அதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு நீல வார் ரப்பர்ச் செருப்பு மிதந்து போனது. மண்டியிட்டு விழுந்து பிடித்தான். இன்னொன்று புல்லில் சிக்கியிருந்தது, அதையும் எடுத்து இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

உன் செருப்பு. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது கழற்றிவிட்டுப் புது ஷூ மாட்டிக்கொண்டாயே, அந்தச் செருப்பு. கூடார வாசலில் மூன்று ஜோடி இல்லை, நான்கு ஜோடி இருந்திருக்கிறது. அவன் தன் பையில் வைத்துக் கொண்டுவந்து, நான் கவனிக்காதபோது எங்கள் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.

உள்ளே கூட்டி வந்து தலையைத் துவட்டினேன். எதற்குடா இதைக் கொண்டுவந்தாய் என்றேன். நீ போன வாரத்தில் பெத்தம்மாள் அக்கா என்னிடம் ஒன்று சொன்னார். கமலா செருப்பை எடுத்து உள்ளே போட்டுடாதே, வாசல்லயே இருக்கட்டும், பொம்பளை செருப்பு இருந்தா ஆள் வீட்ல இருக்காங்கன்னு போறவன் வர்றவன் நினைப்பான் என்று. திருட்டுப் பயத்துக்குச் சொன்னது. நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆறு வயதுப் பையன் மறக்கவில்லை. வாசல்ல செருப்பு இருந்தா அம்மா வீட்ல இருக்காங்கன்னு அர்த்தம் என்று என்னிடம் நேற்று விளக்கினான், எனக்குத் தெரியாத மாதிரி. நாய் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கக் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது உள்ளே எடுத்து வைப்பானாம். சாயந்திரம் வந்ததும் வெளியே வைப்பானாம். ஞாயிற்றுக்கிழமை கழுவுவானாம். மூன்று வருடமாக அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு நாளாவது, இது ஏன் தூசி இல்லாமல் இருக்கிறது என்று யோசித்தேனா? மறந்துவிட்டானோ என்று உனக்கு எழுதினேனே, வெட்கமாக இருக்கிறது.

மழை விடவில்லை. அந்தத் துணிக் குடிசைக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். பிறகு ஏன் அம்மாவைப் பார்க்க வர மாட்டேன் என்கிறாய் என்றேன். செருப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நம்ம எல்லாரும் அங்க போயிட்டா அம்மா எதுக்குப்பா இங்க வரணும்? வீட்லதான் யாருமே இருக்க மாட்டோமே." போனில் ஏன் பேசுவதில்லை என்றேன். "போன்ல பார்த்துட்டாங்கன்னா அதுவே போதும்னு இருந்துடுவாங்க. பார்க்கலன்னாதான் வருவாங்க" என்றான்.

ஷாந்தினி அவனைத் திட்ட வாயெடுத்தவள், சட்டென்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

இதைப் படித்துவிட்டு உடனே போன் போடாதே கமலா. அழாதே என்று சொல்ல மாட்டேன், நானே கோயில் குழாயில் முகம் கழுவுகிற மாதிரி நின்று அழுதேன். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வருடமாக உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான் உன் பிள்ளை. பிடிவாதம் அப்படியே உன்னுடையது. நார்வே மொழி வராது என்று எல்லாரும் சொன்னபோது, சுவரெல்லாம் வார்த்தை ஒட்டி ஒரே வருடத்தில் பேசிக் காட்டியவள்தானே நீ.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். மூன்று டிக்கெட்டையும் உறுதி செய்துவிடு. நான் சொல்லும் வரை எதையும் மாற்றாதே, ரத்தும் செய்யாதே.

மாரியம்மன் துணை.

உன்
வசந்தன்


ரெம்பியா
10 மே, ஞாயிறு

அன்புள்ள கமலாவுக்கு,

இதுவும் கூரியர்தான். தபாலில் போட்டால் பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகுதான் கடிதம் வரும். முழுவதும் படித்து முடிக்கும் வரை கோபப்படாதே.

நான் வரவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் வருகிறார்கள். லீவில் வந்திருக்கும் திலகா இருபத்துமூன்றாம் தேதி திரும்புகிறாள் அல்லவா, அதே விமானத்தில் அவளோடு அனுப்பிவைக்கிறேன். நேற்று மலாக்காவில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டேன். என் டிக்கெட்டை இப்போது ரத்து செய்துவிடு.

தவுக்கே லீவு கொடுக்கவில்லையா என்று கேட்பாய். கொடுத்தார். குளிரறைக் கையுறை இரண்டு ஜோடியும் சேர்த்துக் கொடுத்தார். போன வாரம் போய் லீவு வேண்டாம் என்றேன், மனைவியோடு சண்டையா என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. கையுறையைப் பிள்ளைகளுக்கென்று வைத்துக்கொண்டேன்.

காரணம் உனக்கு ஏற்கெனவே புரிந்திருக்கும். திடலில் அவன் சொன்னதற்கு ஒரு வாரம் யோசித்தும் என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அப்பா வீட்டில் இருக்கிறேன், நீ போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வா என்றேன். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே, அப்ப சாயந்திரம் கதவை யார் தொறந்து வைப்பாங்க என்றான். நான் என்றேன். வாசல் விளக்கு? நான்தான் என்றேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, "அப்ப சரி. நான் போறேன்" என்றான். அவ்வளவுதான். வீட்டில் ஒரு ஆள் இருந்தால் நீ வருவாய் என்று அவனுக்குக் கணக்கு.

எனக்கு வர ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. கேட்காமல் தங்கலாம் என்ற அந்த ஏரிக்கரையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடிப்பதை எத்தனை நாள் லோரியில் போகும்போது நினைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? என் ஜப்பான் சட்டை மடித்த மடிப்போடு அலமாரியில் இருக்கிறது. ஷாந்தினி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நிறையப் படம் எடுத்து அனுப்புகிறேன் அப்பா என்றாள். பதின்மூன்று வயதில் எனக்கு அந்தப் பெருந்தன்மை இருந்ததில்லை.

இப்போது சில விஷயம் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பெற்றவளுக்கே பிள்ளையைப் பற்றிப் பாடம் எடுக்கிறானே என்று நினைக்காதே. மூன்று வருடம் நீ பார்க்காததை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான்.

ஏர்போர்ட்டில் அவனை ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளாதே. முதலில் ஷாந்தினியைக் கட்டிக்கொள், அவளுக்கு அது வேண்டும், வாய்விட்டுக் கேட்க மாட்டாள். அவன் உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உன் காலைப் பார்ப்பான். பார்க்கட்டும். பையை வாங்காதே, அவனே தூக்கிக்கொள்வான்.

மீனுக்கு முள் எடுத்துக் கொடுக்காதே. இப்போது அவனே எடுப்பான், அக்காவுக்கும் எடுத்துக் கொடுப்பான். எடுத்துக் கொடுத்தால் உனக்கும் வைக்கச் சொல்லித் தட்டை நீட்டு.

சும்மா உட்கார வைத்துப் பேசச் சொன்னால் ஒரு வார்த்தை வராது. கையில் ஒரு வேலையைக் கொடு. கயிறு கட்டட்டும், சுள்ளி பொறுக்கட்டும், தண்ணீர் மொண்டு வரட்டும். வேலை செய்துகொண்டே பேசுவான். நீச்சல் குளத்தில் பன்னிரண்டு வாரம் போய்க் கற்றுக்கொண்டான், ஆனாலும் கயாக்கில் உன் படகிலேயே ஏற்றிக்கொள். நீ துடுப்புப் போடுவதை அவன் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் அம்மா எவ்வளவு தைரியசாலி என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும். நான் சொல்லிச் சொல்லி ஆயிற்று, பார்த்தது போல வருமா?

எப்போதாவது, அநேகமாக மழை பெய்யும்போது, எப்ப வருவீங்க என்று கேட்பான். கமலா, தயவுசெய்து 'சீக்கிரம்' என்று சொல்லாதே. மூன்று வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறான். ஒரு மாதத்தின் பெயரைச் சொல். தெரியாது என்றால் தெரியாது என்று சொல். அதையும் தாங்கிக்கொள்வான், உன் மகன். டிசம்பரைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். பதினான்கு பெரியவர்களும் உன் கையால்தான் சாப்பிடுவார்கள் என்று தெரியும். நீ எந்த வேலையை எடுத்தாலும் அப்படித்தான் செய்வாய்.

பைகள் கட்டியாயிற்று. கம்பளி உள்ளாடை, விசில், விளக்கு, பெத்தம்மாள் அக்காவின் இஞ்சிப் பொடி ஒரு கிலோ (பயப்படாதே, பாதியை நான் எடுத்து ஒளித்துவிட்டேன்). நிவேன் தன் பையைத் தானே கட்டினான். எல்லாவற்றுக்கும் அடியில், செய்தித்தாளில் சுற்றி, உன் நீலச் செருப்பு. என்னைக் கேட்கவில்லை, நானும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இருபத்துமூன்றாம் தேதி சாயந்திரம் இந்த வாசலில் என் செருப்பு மட்டும்தான் இருக்கும். கதவைத் திறந்து வைப்பேன், விளக்கைப் போடுவேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அங்கே ஏரிக்கரையில் கூடாரம் போட்டதும், அவன் அந்தச் செருப்பை எடுத்து வெளியே வைப்பான். உன் பட்டியலில் சிவப்பு மையில் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. பூட்ஸை உள்ளே எடுத்துக்கொள். அதை மட்டும் விட்டுவிடு, மழையில் நனைந்தாலும் பரவாயில்லை. எதற்கு என்று கேட்காதே. காலையில் எழுந்து வெளியே வரும்போது, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அதில் காலை நுழைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போ. அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

பத்து நாள் முடிந்து பிள்ளைகள் கிளம்பும்போது, அந்தச் செருப்பைத் திரும்ப அவன் பையில் வைத்து அனுப்பிவிடாதே கமலா. உன்னிடமே இருக்கட்டும். எப்போதானாலும் சரி, நீயே அதைப் போட்டுக்கொண்டு வந்து, நம் வாசலில் கழற்று.

மாரியம்மன் உங்கள் மூவரோடும் இருக்கட்டும்.

விளக்குப் போட்டு வைத்திருக்கும்,
உன் வசந்தன்